பழக்கூடையில் பிறந்த பந்தாட்டம்

கூடைப்பந்தை உலகுக்குத் தந்த ஜேம்ஸ் நைஸ்மித்தின் வாழ்க்கைக் கதை

சடுகுடு ஆட்டத்தை முதன் முதலில் ஆடியவர் யார்? யாருக்கும் தெரியாது. கிட்டிப்புள் எந்த ஊரில் பிறந்தது? அதுவும் தெரியாது. பாட்டன், பூட்டன் காலத்தில் இருந்து வழிவழியாக வந்த ஆட்டங்கள் அவை.

கூடைப்பந்து அப்படிப்பட்டது அல்ல. அது பிறந்த ஊர் தெரியும். பிறந்த மாதம் தெரியும். பிறந்த கூடம் தெரியும். அதை உண்டாக்கியவரும் ஒரே ஒரு மனிதர்தான்.

அவர் பெயர் ஜேம்ஸ் நைஸ்மித்.

பணத்துக்காக அவர் அந்த ஆட்டத்தை உண்டாக்கவில்லை. புகழுக்காகவும் அல்ல. அடங்காத 18 மாணவர்களை அடக்குவதற்காக உண்டாக்கினார்!

கோவிலில் நின்று போதனை செய்துதான் மனிதனை நல்லவன் ஆக்க முடியுமா? ஆடுகளத்தில் அது முடியாதா? இந்தக் கேள்வி இளம் வயதிலேயே அவர் மனதில் எழுந்தது. முடியும் என்று நம்பினார். அந்த நம்பிக்கைக்காகவே வாழ்ந்தார்.

பெற்றோரை இழந்த சிறுவன்

கனடா நாட்டில் ஒன்டாரியோ மாகாணம் இருக்கிறது. அங்கே ஆல்மான்ட் என்ற சிற்றூர். அதன் அருகே 1861-ம் ஆண்டு நவம்பர் மாதம் 6-ந் தேதி நைஸ்மித் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து வம்சத்தைச் சேர்ந்தவர்கள். தகப்பனார் பெயர் ஜான். தாயார் பெயர் மார்கரெட். நைஸ்மித்துக்கு ஓர் அக்காளும் ஒரு தம்பியும் இருந்தார்கள்.

1870-ம் ஆண்டில் அந்தக் குடும்பத்தின் மீது இடி விழுந்தது. தகப்பனாருக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டது. அந்தக் காலத்தில் அதற்குத் தகுந்த மருந்து கிடையாது. அவர் இறந்தார். சில வாரங்களுக்குள் தாயாரும் அதே காய்ச்சலுக்குப் பலியானார். அப்போது நைஸ்மித்துக்கு 9 வயது.

குழந்தைகள் மூவரும் தாய்வழிப் பாட்டியின் வீட்டில் வளர்ந்தார்கள். பிறகு தாய்மாமன் பீட்டர் அவர்களைக் காப்பாற்றினார். மாமன் மிகவும் கண்டிப்பானவர். வயல் வேலை, மரம் வெட்டும் வேலை, குதிரையைப் பார்த்துக்கொள்ளும் வேலை எல்லாவற்றையும் சிறுவனிடம் ஒப்படைப்பார். இடையில் ஏதாவது தொல்லை வந்தால் உதவிக்கு வரமாட்டார். தன் கஷ்டத்துக்குத் தானே வழி தேட வேண்டும். அதுதான் மாமன் நடத்திய பாடம்.

குளிர்காலத்தில் மற்றச் சிறுவர்கள் உறைந்த பனியில் சறுக்கி விளையாடுவார்கள். அதற்கு வேண்டிய சறுக்குக் கட்டை வாங்க நைஸ்மித்திடம் காசு இல்லை. மாமனிடம் கேட்கவும் மனம் வரவில்லை. பழைய அரங்களை எடுத்தார். மரக்கட்டையில் பொருத்தினார். தானே ஒரு ஜோடி செய்துகொண்டார். கையில் இருப்பதைக் கொண்டு காரியத்தை முடிக்கும் திறமை அப்போதே அவரிடம் இருந்தது.

கல் எறியும் ஆட்டம்

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு கொல்லன் பட்டறை. அதன் அருகே ஒரு பெரிய பாறை. ஊர்ச் சிறுவர்கள் அங்கே கூடி ஓர் ஆட்டம் ஆடுவார்கள். பாறை மேல் வாத்து என்று அதற்குப் பெயர்.

பாறையின் மேல் ஒரு சிறு கல்லை வைப்பார்கள். அதுதான் வாத்து. ஒரு பையன் அதற்குக் காவல் நிற்பான். மற்றவர்கள் தூரத்தில் நின்று ஆளுக்கு ஒரு கல்லை எறிந்து வாத்தைத் தள்ள வேண்டும். குறி தப்பினால் ஓடிப்போய்த் தன் கல்லை எடுத்து வர வேண்டும். அதற்குள் காவல்காரன் தொட்டுவிட்டால், தொடப்பட்டவன் காவல் நிற்க வேண்டும்.

முரட்டுத்தனமாக எறிபவனின் கல் வெகு தூரம் போய் விழும். அதை எடுப்பதற்குள் அவன் பிடிபடுவான். புத்திசாலி என்ன செய்வான்? கல்லை மேல்நோக்கி, வில்போல் வளைத்து, மெதுவாக வீசுவான். குறி தப்பினாலும் கல் பாறை அருகிலேயே விழும். எளிதாக எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம்.

பலத்தை விட நிதானம் பெரிது. சிறுவன் நைஸ்மித் இதைக் கண்டுகொண்டான். இருபது ஆண்டு கழித்து இந்த அனுபவம்தான் அவருக்குக் கைகொடுத்தது.

மீண்டும் பள்ளிக்கு

உயர்நிலைப் பள்ளிப் படிப்பை அவர் பாதியில் விட்டுவிட்டார். காட்டில் மரம் வெட்டும் கூலி வேலைக்குப் போனார். சில ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

அப்போது நடந்ததாக ஒரு கதை சொல்லப்படுகிறது. ஒருநாள் அவர் மதுக்கடையில் நின்று குடிக்கப் போனார். பக்கத்தில் நின்ற ஒருவர் அவரை உற்றுப் பார்த்தார். மார்கரெட்டின் மகன்தானே என்று கேட்டார். உன்னை இந்தக் கோலத்தில் கண்டால் உன் தாயின் ஆவி சாந்தி அடையாது என்று வருந்தினார். நைஸ்மித் கோப்பையைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு மதுவைத் தொடவில்லையாம்.

கதை எப்படி இருந்தாலும், அவர் திருந்திப் பள்ளிக்குத் திரும்பியது உண்மை. தம்மை விட வயதில் இளையவர்களுடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். வெட்கப்படவில்லை. 1883-ம் ஆண்டு மான்டிரியல் நகரில் உள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பட்டம் பெற்றார். பிறகு பாதிரியார் ஆவதற்காக வேதக் கல்லூரியில் சேர்ந்தார்.

கண் வீங்கிய போதகர்

படிப்பில் மட்டும் அல்ல, ஆட்டத்திலும் அவர் வல்லவர். ரக்பி கால்பந்து ஆடுவார். லக்ராஸ் ஆடுவார். கம்பி விளையாட்டுகளில் பரிசு பெறுவார்.

வேதக் கல்லூரியில் இருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. கால்பந்து முரடர்களின் ஆட்டம், வருங்காலப் போதகருக்கு அது தகாது என்று நினைத்தார்கள். ஒருமுறை சனிக்கிழமை ஆட்டத்தில் அவருடைய முகத்தில் பலத்த அடி. மறுநாள் ஞாயிறு. இரண்டு கண்களும் கறுத்து வீங்கி இருந்தன. அந்த முகத்துடனேயே பிரசங்க மேடையில் ஏறி நின்றார்!

இன்னொரு நாள் ஆட்டக்களத்தில் ஒரு சம்பவம். அவர் பக்கத்தில் ஆடிய ஒரு வாலிபர் ஆத்திரத்தில் கெட்ட வார்த்தை பேசிவிட்டார். உடனே நைஸ்மித்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் அங்கே நிற்பதை மறந்துவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

நைஸ்மித் திகைத்தார். கெட்ட வார்த்தை பேசக்கூடாது என்று அவர் யாருக்கும் உபதேசம் செய்தது இல்லை. ஒழுங்காக ஆடினார், அவ்வளவுதான். அந்த ஒழுங்கே பக்கத்தில் இருந்தவரின் நாவை அடக்கிவிட்டதே!

அன்று முதல் அவருடைய எண்ணம் மாறியது. வாலிபர்களைத் திருத்துவதற்கு மேடை ஒன்றுதான் வழி என்பது இல்லை, ஆடுகளமும் ஒரு வழி என்று தெளிந்தார். வேதப் படிப்பை 1890-ம் ஆண்டில் முடித்தார். ஆனால் தேவாலயத்துக்குப் போகவில்லை. தேகப்பயிற்சி ஆசிரியராகப் போகத் தீர்மானித்தார். அக்காள் அன்னிக்கு இது பெரிய வருத்தம். தம்பி பாதை தவறிவிட்டார் என்றே எண்ணினார்.

18 அடங்காத மாணவர்கள்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு என்ற நகரம் உள்ளது. அங்கே கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ. ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தி வந்தது. நைஸ்மித் 1890-ல் அங்கே மாணவராகச் சேர்ந்தார். மறு ஆண்டே ஆசிரியர் ஆனார். தேகப்பயிற்சிப் பகுதியின் தலைவர் டாக்டர் லூதர் குலிக்.

அந்தப் பக்கத்தில் குளிர்காலம் வந்தால் வெளியே தலைகாட்ட முடியாது. எங்கும் பனி. மாணவர்கள் உள்ளேயே இருந்து தண்டால், கர்லா போன்ற பயிற்சிகளைச் செய்ய வேண்டும். தினமும் இதே வேலை. ஒரு வகுப்பில் இருந்த 18 பேருக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. அவர்கள் சிறுவர்கள் அல்ல, வளர்ந்த வாலிபர்கள். முணுமுணுத்தார்கள். முரண்டு பிடித்தார்கள். இரண்டு ஆசிரியர்கள் முயன்று பார்த்துக் கைகழுவி விட்டார்கள்.

மூன்றாவதாக அந்த வகுப்பு நைஸ்மித்தின் தலையில் விழுந்தது. உள்ளேயே ஆடக்கூடிய ஒரு புது ஆட்டத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார் குலிக். அதற்கு 14 நாள் கெடு.

நைஸ்மித் முதலில் பழைய ஆட்டங்களையே உள்ளே கொண்டு வந்தார். ரக்பியை மாற்றி ஆடச் செய்தார். ஒருவரை ஒருவர் கட்டிப் புரண்டு கடினமான தரையில் விழுந்தார்கள். கால்பந்தை விட்டார். சன்னல்கள் உடைந்தன. லக்ராஸ் ஆடச் செய்தார். மட்டையடி பட்டுக் காயம் அடைந்தார்கள். கெடு முடிய ஒரே நாள்தான் பாக்கி. அவர் மனம் சோர்ந்துபோனார்.

யோசனை பிறந்தது

அன்று இரவு தனியாக உட்கார்ந்து யோசித்தார். எந்த ஆட்டத்தை எடுத்தாலும் ஏன் அடிதடி வருகிறது?

பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். அவனை நிறுத்த வேண்டுமானால் கட்டிப்பிடித்துத் தள்ளத்தான் வேண்டும். அப்படியானால் பந்துடன் ஓடக்கூடாது என்று வைத்துவிட்டால்? ஓடாதவனைத் தள்ளுவதற்கு அவசியமே இல்லையே!

அடுத்தது இலக்கு. இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தைச் செலுத்த வேண்டும் என்றால், வேகமாக அடிப்பவனுக்கே வெற்றி. வேகம் வந்தால் முரட்டுத்தனமும் வரும். இலக்கை எப்படி வைத்தால் வேகம் பயன்படாமல் போகும்?

அப்போதுதான் கொல்லன் பட்டறைப் பாறை நினைவுக்கு வந்தது! மெதுவாக, வில்போல் வளைத்து வீசிய கல் நினைவுக்கு வந்தது. இலக்கைத் தலைக்கு மேலே உயரத்தில் வைக்க வேண்டும். அதன் வாய் வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போது எவ்வளவு பலசாலியும் பந்தை மெதுவாக, குறி பார்த்துத்தான் போட்டாக வேண்டும்.

சண்டைக்கு இடம் இல்லாத ஓர் ஆட்டம் அவர் மனதில் உருவாகிவிட்டது.

கூடை வந்த கதை

மறுநாள் காலை. கட்டடத்தைக் கவனித்துக்கொண்ட ஊழியர் ஸ்டெபின்சிடம் போனார். 18 அங்குலச் சதுரத்தில் இரண்டு மரப்பெட்டி வேண்டும் என்று கேட்டார். பெட்டி இல்லை. பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டு கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தார் ஸ்டெபின்ஸ்.

பெட்டி கிடைத்திருந்தால் இந்த ஆட்டத்துக்குப் பெட்டிப்பந்து என்றே பெயர் வந்திருக்கும்!

பயிற்சிக் கூடத்தைச் சுற்றி மேலே ஒரு மாடம் உண்டு. அதன் அடிப்பகுதி தரையில் இருந்து 10 அடி உயரம். இரண்டு முனையிலும் ஒவ்வொரு கூடையை ஆணியடித்து மாட்டினார். இன்று உலகம் முழுவதும் கூடைப்பந்து வளையம் 10 அடி உயரத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்த மாடம் 11 அடி உயரத்தில் இருந்திருந்தால் கணக்கே மாறிப் போயிருக்கும்.

பிறகு ஒரு தாளை எடுத்தார். 13 விதிகளை எழுதினார். பள்ளியின் செயலாளராக இருந்த பெண்மணி அவற்றைத் தட்டச்சு செய்து கொடுத்தார். அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

விதிகள் எளிமையானவை. பந்தை ஒரு கையாலோ இரு கையாலோ எந்தப் பக்கமும் எறியலாம். முஷ்டியால் குத்தக்கூடாது. கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. எதிரியைத் தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, காலை வாரிவிடுவது, அடிப்பது எல்லாம் குற்றம். இரண்டாம் முறை குற்றம் செய்பவன், அடுத்த கோல் விழும்வரை வெளியே இருக்க வேண்டும். வேண்டும் என்றே காயப்படுத்தினால் ஆட்டம் முடியும்வரை வெளியேதான். அவனுக்குப் பதில் ஆள் விடக்கூடாது. ஆட்டம் 15 நிமிடமாக இரண்டு பகுதி. நடுவில் 5 நிமிட ஓய்வு.

கூர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும். கோல் போடுவதைச் சொல்லும் விதிகள் கொஞ்சம். கோபத்தை அடக்கச் சொல்லும் விதிகள் முக்கியம்.

முதல் ஆட்டம்

1891-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 21-ந் தேதி. ஒரு பக்கம் 9 பேர், இன்னொரு பக்கம் 9 பேர். பந்து சாதாரணக் கால்பந்து. மாணவர்கள் வேண்டா வெறுப்பாக வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் முகம் மாறியது. அவர்களை ஆட்டத்தில் இருந்து பிரிப்பதே கஷ்டமாகிவிட்டது! அன்று விழுந்தது ஒரே ஒரு கோல். வில்லியம் சேஸ் என்ற மாணவர் அதைப் போட்டார்.

கூடைக்கு அடிப்பாகம் இருந்தது. ஆகையால் உள்ளே விழுந்த பந்து கீழே வராது. யாராவது மேலே ஏறி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

முதல் முயற்சியைப் பற்றி நைஸ்மித் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார். அவர் எழுதிய புத்தகத்தில் எல்லாம் சுமுகமாக நடந்ததாக இருக்கிறது. ஆனால் 1939-ம் ஆண்டு ஜனவரி மாதம் நியூயார்க் வானொலியில் பேசியபோது வேறு விதமாகச் சொன்னார். மாணவர்கள் ஒருவரை ஒருவர் குத்தி உதைத்துக் கொண்டார்களாம். ஒருவர் மயங்கி விழுந்தார், ஒருவருக்குத் தோள் பிசகியது என்றார். பந்துடன் ஓடக்கூடாது என்ற விதியைச் சேர்த்த பிறகுதான் அடிதடி நின்றதாம். எதை எடுத்துக்கொண்டாலும் பலன் ஒன்றுதான். அந்த ஒரு விதிதான் சண்டையை ஆட்டமாக மாற்றியது.

பெயர் சூட்டு விழா

ஆட்டம் பிறந்துவிட்டது. பெயர் என்ன வைப்பது? பிராங்க் மகான் என்ற மாணவர் ஒரு யோசனை சொன்னார். நைஸ்மித் பந்து என்று ஆசிரியரின் பெயரையே வைக்கலாம் என்றார். நைஸ்மித் சிரித்துவிட்டார். அப்படி ஒரு பெயர் வைத்தால் எந்த ஆட்டமும் செத்துப்போகும் என்று மறுத்தார். கூடை இருக்கிறது, பந்து இருக்கிறது, கூடைப்பந்து என்றே சொல்லலாமே என்றார் மகான். அதுவே நிலைத்தது.

அதிகாரமாகப் பெயரை ஒட்டிக்கொள்ள வாய்ப்பு வந்தது. அதை வேண்டாம் என்று தள்ளியவர் நைஸ்மித். காப்புரிமையும் வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் ஆடட்டும் என்று விட்டுவிட்டார்.

1892-ம் ஆண்டு மார்ச் மாதம் 11-ந் தேதி பொதுமக்கள் முன்னால் முதல் போட்டி நடந்தது. மாணவர்கள் ஒரு கட்சி, ஆசிரியர்கள் ஒரு கட்சி. 5-க்கு 1 என்ற கணக்கில் மாணவர்கள் வென்றார்கள்.

பெண்களும் வந்தார்கள்

பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் சிலர் சாப்பாட்டு வேளையில் ஆட்டத்தை வேடிக்கை பார்க்க வந்தார்கள். தாங்களும் ஆடலாமா என்று கேட்டார்கள். பெண்கள் ஓடி ஆடுவது அந்தக் காலத்தில் அதிசயம். நைஸ்மித் தயங்கவில்லை. ஆடலாம் என்றார். அப்படி ஆடியவர்களில் மாட் ஷெர்மன் என்ற பெண்ணும் ஒருவர். 1894-ம் ஆண்டு அவரையே நைஸ்மித் மணந்துகொண்டார். ஐந்து குழந்தைகள் பிறந்தார்கள்.

அருகில் இருந்த ஸ்மித் பெண்கள் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை 1892-ல் மாணவிகளுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். பெண்கள் கூடைப்பந்து இப்படித்தான் வேர்விட்டது. ஒலிம்பிக்கில் அது இடம்பெற 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கடல் கடந்து போனது

ஸ்பிரிங்பீல்டில் படித்தவர்கள் பல நாடுகளுக்குப் போனார்கள். போன இடமெல்லாம் பந்தையும் கொண்டு போனார்கள். முதல் வகுப்பில் இருந்த டங்கன் பாட்டன் 1894-ம் ஆண்டில் இந்தியாவுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டு வந்தார். அதே வகுப்பில் இஷிகாவா என்ற ஜப்பானியரும் இருந்தார்.

நம் சென்னைக்கும் இந்தத் தொடர்பு உண்டு. ஹாரி பக் என்ற அமெரிக்கர் ஸ்பிரிங்பீல்டில் பயின்றவர். அவர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் நந்தனத்தில் இருக்கும் உடற்கல்விக் கல்லூரி. அங்கே பயின்றவர்கள் ஊர் ஊராகப் போய் விளையாட்டு ஆசிரியர்கள் ஆனார்கள்.

இதற்கிடையே ஆட்டமும் வளர்ந்தது. பழக்கூடை போய் இரும்பு வளையம் வந்தது. பிறகு வலையின் அடி திறந்தது. பந்து தானே கீழே விழுந்தது. மாடத்தில் இருந்த ரசிகர்கள் கையை நீட்டிப் பந்தைத் தள்ளிவிட்டார்கள். அதைத் தடுக்கப் பின்பலகை வைத்தார்கள். கட்சிக்கு 5 பேர் என்று 1897-ல் ஏற்பட்டது. பந்துடன் ஓடக்கூடாது அல்லவா? ஆட்டக்காரர்கள் அதற்கும் ஒரு வழி கண்டார்கள். பந்தைத் தரையில் தட்டித் தட்டி ஓடினார்கள். நைஸ்மித்துக்குக் கோபம் வரவில்லை. அந்தத் தந்திரத்தை ரசித்தார்.

தோற்ற பயிற்சியாளர்

நைஸ்மித் ஸ்பிரிங்பீல்டை விட்டு டென்வர் நகருக்குப் போனார். பகலில் தேகப்பயிற்சி வேலை பார்த்தபடியே மருத்துவம் படித்தார். 1898-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. பிரார்த்தனைக் கூடத்தை நடத்த வேண்டும், தேகப்பயிற்சியும் கற்பிக்க வேண்டும். ஒரே ஆள் போதகர், ஒரே ஆள் ஆசிரியர். அவருக்கென்றே உண்டாக்கிய வேலை போல் இருந்தது!

அங்கே கூடைப்பந்துக் கட்சியையும் 1907 வரை பார்த்துக்கொண்டார். வென்றது 55 ஆட்டம். தோற்றது 60 ஆட்டம். அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்களில் வெற்றியை விடத் தோல்வி அதிகம் கண்டவர் இவர் ஒருவரே. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவருக்கே இந்தக் கதி!

அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கூடைப்பந்து ஆடி மகிழ்வதற்கு உரியது, பயிற்சி கொடுத்து வெல்வதற்கு உரியது அல்ல என்பது அவர் கட்சி. அவருடைய மாணவர் பாக் ஆலன் இதை ஏற்கவில்லை. அவர் பயிற்சியாளர் ஆனார். நூற்றுக்கணக்கான போட்டிகளில் வென்று பெரும்புகழ் பெற்றார். ஆனாலும் ஆசிரியரிடம் அவருக்கு இருந்த மதிப்புக் குறையவில்லை.

1916-ல் நைஸ்மித் முறைப்படி பாதிரியார் ஆனார். முதல் உலகப் போரின்போது ஒய்.எம்.சி.ஏ. சார்பில் பிரான்சு சென்றார். குடும்பத்தைப் பிரிந்து 19 மாதம் போர்வீரர்களிடையே தொண்டு செய்தார்.

கறுப்பு மாணவரின் நண்பர்

1933-ம் ஆண்டில் ஜான் மெக்லெண்டன் என்ற மாணவர் கான்சாஸ் வந்தார். கறுப்பு இனத்தவர். கூடைப்பந்தில் அவருக்கு உயிர். ஆனால் பல்கலைக்கழகக் கட்சியில் ஆட அவருக்கு அனுமதி இல்லை. காரணம், தோலின் நிறம். நீச்சல் குளத்தில் இறங்குவதற்கும் எதிர்ப்பு இருந்தது.

நைஸ்மித்தைத் தேடிப் போகும்படி மகனுக்குச் சொல்லியிருந்தார் மெக்லெண்டனின் தகப்பனார். நைஸ்மித் அவரைத் தம் மாணவராக ஏற்றார். பக்கத்தில் இருத்திப் பாடம் சொன்னார். பயிற்சி ஆசிரியராக வேலை பார்க்க இடம் வாங்கிக் கொடுத்தார். 1936-ல் மெக்லெண்டன் பட்டம் பெற்றார்.

கட்சியில் சேர்க்காமல் தள்ளப்பட்ட அவர் பின்னாளில் மாபெரும் பயிற்சியாளர் ஆனார். 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டும் தொடர்ந்து தேசியப் பட்டம் வென்ற கட்சியை உருவாக்கினார். ஆட்டங்களின் கணக்கில் நைஸ்மித் தோற்றவர்தான். மனிதர்களின் கணக்கில் அவர் தோற்கவில்லை.

மழையில் ஒலிம்பிக்

1936-ம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன் முதலாகப் பதக்கப் போட்டி ஆனது. அதைக் காண நைஸ்மித் போக வேண்டாமா? கப்பல் செலவுக்கு அவரிடம் பணம் இல்லை. அமெரிக்கப் பயிற்சியாளர்கள் கூடிப் பேசினார்கள். போட்டிகளின் நுழைவுச் சீட்டு ஒவ்வொன்றிலும் ஒரு சென்ட் ஒதுக்கிப் பணம் திரட்டினார்கள். காசு காசாகச் சேர்ந்த பணத்தில் 74 வயதுக் கிழவர் பெர்லின் போனார். மனைவிக்கு உடல்நலம் இல்லை. அவர் போகவில்லை.

முதல் ஆட்டத்தில் பந்தை மேலே எறிந்து தொடங்கி வைத்தவர் நைஸ்மித். பல நாட்டு வாலிபர்கள் தங்கள் கொடியுடன் அவர் முன்னே அணிவகுத்தார்கள். இரண்டு பழக்கூடையில் தொடங்கிய ஆட்டம் இத்தனை நாடுகளுக்குப் போயிருப்பதை அவர் கண்ணாரக் கண்டார்.

ஆகஸ்டு 14-ந் தேதி இறுதிப் போட்டி. திறந்த வெளி மண் தரை. மழை கொட்டியது. களம் சேறாகியது. பந்தைத் தட்டினால் எழும்பவில்லை. அமெரிக்கா 19-க்கு 8 என்று கனடாவை வென்றது. கனடா அவர் பிறந்த நாடு. அமெரிக்கா அவர் குடியேறிய நாடு. இரண்டுக்கும் அவர் கையாலேயே பதக்கம் கொடுத்தார். மெக்சிகோ மூன்றாவதாக வந்தது.

அதே மழையால் அன்று நடக்க இருந்த ஹாக்கி இறுதிப் போட்டி தள்ளிப்போனது. மறுநாள் தியான் சந்த் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது.

கடைசி நாட்கள்

1937-ல் மனைவி மாட் காலமானார். அதே ஆண்டு நைஸ்மித் வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். 1939-ம் ஆண்டு நவம்பர் மாதம் 28-ந் தேதி, மூளையில் இரத்தம் கசிந்து லாரன்ஸ் நகரில் காலமானார். வயது 78. பெரிய சொத்து எதையும் அவர் சேர்த்து வைக்கவில்லை.

அவர் அன்று பலகையில் ஒட்டிய 13 விதிகளின் தாள்கள் 2010-ம் ஆண்டு ஏலத்துக்கு வந்தன. 43 லட்சம் டாலருக்கு விலை போயின! வாங்கியவர் அவற்றைக் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்கே அளித்தார். ஸ்பிரிங்பீல்டில் உள்ள கூடைப்பந்து மண்டபம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்று 200-க்கும் மேற்பட்ட நாடுகளில் கூடைப்பந்து ஆடுகிறார்கள். கோடிக்கணக்கில் பணம் புரள்கிறது. விதிகள் பல மாறிவிட்டன. ஆனால் இரண்டு மட்டும் மாறவில்லை. பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடக்கூடாது. எதிரியை இடித்துத் தள்ளக்கூடாது.

பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு சிறுமி பந்தைக் கையில் வாங்குகிறாள். நிற்கிறாள். நிமிர்ந்து பார்க்கிறாள். குறி பார்த்து மெதுவாக மேலே வீசுகிறாள். நைஸ்மித் என்ற பெயரையே அவள் கேட்டிருக்க மாட்டாள். ஆனால் பலத்தை விட நிதானம் பெரிது என்று அவர் நடத்திய பாடத்தை அவள் படித்துவிட்டாள்.